மலர்விழிக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை

பதினாறு வயதில், செராஸில் ஒரு கல்லூரி மண்டபத்தில், மலர்விழி தன் வாழ்நாளின் மிக நல்ல ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். தேசிய அளவிலான செஸ் போட்டி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு, கடைசிச் சுற்று. அவளுக்கும் எதிரே உட்கார்ந்திருந்த தாராவுக்கும் ஒரே புள்ளி. ஜெயிப்பவள் சாம்பியன். பதினேழாவது நகர்த்தலில் மலர்விழி தன் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆறு நகர்த்தல் கழித்துத் தாராவின் ராஜா ஒளிய இடமில்லாமல் நடுக் கட்டத்துக்கு வந்து நின்றபோதுதான் புரிந்தது.

அதற்குள் மலர்விழி நான்கு முறை எழுந்து கழிவறைக்குப் போய் வந்திருந்தாள். நான்காவது முறை திரும்பியபோது மேசையருகே தலைமை நடுவர் ராதாகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். கடிகாரத்தை நிறுத்தியிருந்தார்.

"கொஞ்சம் வெளிய வாம்மா. ஒரு புகார் வந்திருக்கு."

"என்ன புகார் சார்?"

"அடிக்கடி எந்திரிச்சுப் போறியாம். போன் எதாச்சும் வச்சிருக்கியா?"

கைப்பேசியில் இருக்கிற செஸ் நிரல் உலக சாம்பியனையே அடித்துவிடும். அதைக் கழிவறையில் ஒளித்து வைத்துப் பார்த்துவிட்டு வந்து ஆடி மாட்டிக்கொண்டவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். மலர்விழிக்கும் தெரியும். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பக்கத்து அறையில் ஒரு பெண் தொண்டூழியர் அவளைத் தடவிச் சோதித்தார். பிறகு அவளுடைய சின்னப் பையை வாங்கி நடுவர் முன்னாலேயே மேசையில் கவிழ்த்தார். ஒரு கொமியூட்டர் ரயில் அட்டை, இரண்டு தலைவலி மாத்திரை, விபூதிப் பொட்டலம், இரண்டு சானிட்டரி பேட். நடுவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காரணம் அந்த அறைக்குள் இருந்த மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே நின்ற எண்பது பேருக்குத் தெரிந்ததெல்லாம், மலர்விழியைக் கூட்டிப்போய்ச் சோதனை போட்டார்கள் என்பது மட்டும்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பதினொரு நகர்த்தலில் ஆட்டத்தை முடித்தாள். கோப்பை வாங்கும்போது கைதட்டல் தூறல் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது.

அவளுடைய அப்பா ரெங்கசாமி போர்ட் கிள்ளானில் கொண்டேனர் லோரி ஓட்டுபவர். செஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் இரண்டாம் வகுப்பில் ஒரு மழை நாளில், திடலில் விளையாட முடியாமல், பள்ளி ஸ்டோரில் கிடந்த செஸ் பெட்டியைத் திறந்தாள் என்பதும், அந்த வருடமே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தோற்கடித்தாள் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு எந்த ஊரில் போட்டி என்றாலும் லீவு போட்டுவிட்டு, தான் காடி என்று சொல்லும் பழைய காரில் கூட்டிப்போவார். மண்டபத்துக்கு வெளியே தே தாரே டீ குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். அன்றும் நின்றார். உள்ளே என்ன நடந்தது என்பதை மற்ற பெற்றோர்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் அறிந்தார்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், ஷா ஆலம் தாண்டியதும் அவர் ரேடியோவை அணைத்தார். பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மலரு, அப்பாகிட்ட சொல்லு. நெசமாவே ஒன்னும் இல்லல்ல?"

கோப்பை அவள் மடியில் இருந்தது.

"ஒன்னும் இல்லப்பா."

"சரிம்மா. கேக்கணும்ல, அதான் கேட்டேன்."

நடுவர் கேட்டது வலிக்கவில்லை. பையைக் கவிழ்த்ததுகூட ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். இந்தக் கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீடு வந்ததும் கோப்பையை அலமாரியின் மேல் தட்டில், பின்னால் தள்ளி வைத்தாள்.

புகார் கொடுத்தது யார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். முதலில் தாராவை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த தாரா எதிராளி மட்டுமல்ல, தோழியும்கூட. போட்டி முடிந்தால் இருவரும் தாராவின் வீட்டருகே ஒரே தட்டில் வாழைப்பழ பஜ்ஜி தின்பார்கள். மறு வாரம் தாரா போன் செய்தாள்.

"நான் சொல்லலடி. சாமி சத்தியமா நான் இல்ல."

"அப்ப யாரு? உங்க அப்பாவா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த மௌனத்துக்கு மலர்விழி தன் இஷ்டப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டாள். பிறகு தாராவின் அழைப்பை அவள் எடுக்கவே இல்லை. உண்மையில் யார் என்பது இன்றுவரை தெரியாது.

மூன்று வருடம் அவள் விடாமல் ஆடினாள். மாநில அணியில் இருந்தாள், இரண்டு முறை வெளிநாடு போனாள். ஆனால் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் யாராவது யாரிடமாவது குனிந்து பேசுவது அவள் கண்ணில் பட்டது. தண்ணீர் குடிக்காமல் ஆடக் கற்றுக்கொண்டாள். ஐந்து மணி நேரமானாலும் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அவளும் மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எதிராளியின் தோடு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? அந்தப் பையன் ஏன் பேனாவை இப்படிச் சுழற்றுகிறான்? பலகையைப் பார்க்கிற நேரம் குறைந்து, முகத்தையும் கையையும் பார்க்கிற நேரம் கூடியது.

பத்தொன்பதாவது வயதில் பினாங்கில் ஒரு போட்டி. எதிரே ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு சீனப் பெண், முப்பது வயதிருக்கும். அமைதியாக, தப்பில்லாமல் ஆடினாள். தப்பில்லாமல் ஆடியதுதான் மலர்விழியை உறுத்தியது. அந்தப் பெண்ணின் முடிக்குள்ளே, காதருகே, ஏதோ பளிச்சென்று தெரிந்தது. மலர்விழி கையைத் தூக்கி நடுவரை அழைத்தாள்.

அது காது கேட்கும் கருவி. அந்தப் பெண் சண்டை போடவில்லை. கருவியைக் கழற்றிப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் எதுவும் கேட்காமலே ஆடினாள், ஜெயித்தாள். எழுந்து போகும்போது மலர்விழிக்குக் கை கொடுத்தாள். கருவியை இன்னும் மாட்டியிருக்கவில்லை. மலர்விழி "சாரி" என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

மலர்விழி ஆடிய கடைசிப் போட்டி அது. படிப்பு இருக்கிறது என்று வீட்டில் காரணம் சொன்னாள். ரெங்கசாமி "உன் இஷ்டம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் புள்ளியியலும் கணினியும் எடுத்தாள். செஸ்ஸில் பழகிய மூளைக்கு நிரல் எழுதுவது சுலபமாக வந்தது. படித்து முடித்ததும் ஷா ஆலமில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கோவிட் காலத்தில் தேர்வுகளெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டபோது முளைத்த நிறுவனம் அது. மாணவர் வீட்டில் உட்கார்ந்து கணினியில் தேர்வு எழுதுவார். அவர் கண் எங்கே போகிறது, அறையில் வேறு குரல் கேட்கிறதா என்றெல்லாம் கேமரா வழியாக நிரல் கவனிக்கும். சந்தேகம் வந்தால் சிவப்புக் குறி போடும், முடிவை நிறுத்தி வைத்திருப்பதாக மாணவருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சலும் போகும். பிறகு ஓர் ஊழியர் அந்தக் காணொளியைப் பத்து நிமிடம் பார்த்து, குறி சரியா தப்பா என்று முடிவு சொல்ல வேண்டும்.

நேர்காணலில் மேலாளர் பிரகலாதன் அவளுக்கு ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். ஓர் இளைஞன் நேராகத் திரையைப் பார்த்துத் தேர்வு எழுதுகிறான்.

"இதுல என்ன தப்பு, சொல்லு பாப்போம்."

மலர்விழி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மடியில போன் இருக்கு சார். தாடைக்குக் கீழ வெளிச்சம் நெறம் மாறுது, பாருங்க."

"நாங்க கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு லா!" என்று பிரகலாதன் சிரித்தார். அன்றே வேலையை உறுதி செய்தார்.

இரண்டு வருடத்தில் அந்த நிறுவனத்தில் அவளுக்கு நிகராக யாரும் இல்லை. நிரலுக்கு அவள் சேர்த்த விதிகளால் பிடிபட்டவர்கள் ஏராளம். பெரும்பாலும் உண்மையான திருடர்கள். மேசைக்கடியில் அக்காவை உட்கார வைத்து விடை சொல்லச் சொன்னவன் ஒருவன். மூக்குக்கண்ணாடியில் எதிர்ச் சுவரின் காகிதம் தெரிந்து மாட்டிக்கொண்டவள் ஒருத்தி. ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் மலர்விழிக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். பார்த்தாயா, எல்லோரும் இப்படித்தான் என்கிற நிம்மதி.

அப்படியிருக்கும்போதுதான் சீதாலெட்சுமியின் காணொளி வந்தது.

நாற்பத்து மூன்று வயது. கிளினிக் ஒன்றில் தாதி. ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேர டிப்ளோமா படிக்கிறாள். மூன்று மணி நேரத் தேர்வில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை இடது பக்கம் திரும்பிப் பார்த்திருந்தாள். ஒரு முறை எழுந்து நான்கு நிமிடம் காணாமல் போயிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையில் ஓர் ஆண் குரல். தாழ்ந்த குரல். "சரி… சரி…" என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "சரி."

நிரல் சந்தேகத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு கொடுத்திருந்தது. இவ்வளவு அப்பட்டமான கேஸை மலர்விழி பார்த்ததில்லை. இவள் விடையை முணுமுணுக்கிறாள், பக்கத்தில் இருப்பவன் சரி பார்த்துச் சொல்கிறான். பத்து நிமிடம்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த ஆள் யார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற வெறியில் முழுக் காணொளியையும் ஓட விட்டாள். இரக்கத்தால் அல்ல.

இரண்டாம் மணி நேரத்தில் ஒன்று இடித்தது. திருட்டுத்தனமாகப் பார்ப்பவர்கள் பார்த்த கையோடு எழுதுவார்கள். இவளோ இடது பக்கம் பார்த்த ஒவ்வொரு முறையும் எழுதுவதை நிறுத்தினாள். பத்து நொடி, சில சமயம் அரை நிமிடம். பிறகு கேள்வியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். மலர்விழிக்குச் சந்தேகம் தீரவில்லை, இன்னும் கூடியது. இது நாம் அறியாத ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்தாள்.

கோப்பில் முகவரி இருந்தது. சாலாக் செலாத்தான். மாணவர்களை நேரில் சந்திக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மலர்விழி அந்த பிளாட்டின் மூன்றாம் மாடியில், இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, நான் எக்ஸாம் கம்பெனியிலேர்ந்து வரேன்."

சீதாலெட்சுமி கதவைத் திறக்காமல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அடையாள அட்டை இருக்கா?"

மலர்விழி காட்டினாள். அதை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பூட்டுத் திறந்தது.

முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் மடிக்கணினி. மேசைக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் ஓர் ஆள் படுத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு, கார்த்திகேசு. ஸ்ட்ரோக் வந்து ஒன்றர வருசமாச்சு."

மலர்விழி அவருக்கு வணக்கம் சொன்னாள். "சரி" என்றார் அவர்.

"சாப்டீங்களா அண்ணே?"

"சரி."

"அது ஒன்னுதான் வரும் அவருக்கு" என்றாள் சீதாலெட்சுமி. "பசிச்சாலும் சரி, வலிச்சாலும் சரி. சத்தத்த வச்சுத்தான் நான் புரிஞ்சுக்கணும். எக்ஸாம் அன்னிக்கி பாத்துக்க வரேன்னு சொன்ன பொண்ணு வரல. என்ன பண்றது? சளி நெஞ்சுல கட்டியிருந்திச்சு. நடுவுல ஒரு தடவ எந்திரிச்சுப் போயி பொரட்டிப் போட்டு, துணி மாத்திட்டு வந்தேன்."

அப்போதும் மலர்விழி நம்பி முடிக்கவில்லை. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நெருக்கமான கையெழுத்து, வரிசை வரிசையாக. கேமராவில் விழாத இடம். பேசிக்கொண்டே நடந்து போய், குனிந்து படித்தாள். ஆறு மணி, பால். எட்டு மணி, ரத்த அழுத்த மாத்திரை பாதி. பத்து மணி, வலது பக்கம் திருப்பி விடணும்.

நிமிர்ந்தபோது சீதாலெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாரிக்க வந்தீங்கன்னு நெனச்சேன். சோதன போடத்தான் வந்தீங்க, இல்ல?"

மலர்விழி சுவரை விட்டு விலகி வந்தாள். "அக்கா, இதெல்லாம் நீங்க மொதல்லயே எழுதிக் குடுத்திருக்கலாமே."

"யாரு கேட்டா மிஸ்? ஒத்த ஈமெயிலு வந்திச்சு. நான் திருடிட்டேனாம், ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்காங்களாம். யாருக்கு எழுதணும், எங்க எழுதணும், ஒன்னும் போடல. சரி, எழுதறேன்னே வச்சுக்குங்க. அவரு எத்தன தடவ ஈரம் பண்றாருங்கறத முன்னபின்ன தெரியாத காலேஜுக்காரங்களுக்கெல்லாம் எழுதணுமா நானு?"

கட்டிலிலிருந்து "சரி" என்ற சத்தம் வந்தது. சீதாலெட்சுமி பேச்சை நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். காணொளியில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்த அதே பார்வை. எழுந்து போய் அவருக்கு இரண்டு கரண்டி தண்ணீர் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மலர்விழி நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். பிரகலாதன் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வீட்டுக்கே போனியா? அந்தம்மா கேஸ் போட்டா கம்பெனி என்ன ஆகும்? நீ என்ன போலீஸா?"

"தப்புதான் சார். ஆனா போகாம இருந்திருந்தா நான் குறி சரின்னு அமுக்கியிருப்பேன்."

"ஒரு கேஸ் தப்பாப் போச்சு. சிஸ்டம் அப்படித்தான் இருக்கும், மலர்."

"ஒரு கேஸ்தான்னு எப்படி சார் தெரியும்? நம்ம யாரையாவது கேட்டமா?"

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சீதாலெட்சுமியின் சிவப்புக் குறியை நீக்கினார்கள். இரண்டு வாரத்தில் அவளுடைய முடிவு வந்தது, பாஸ். மலர்விழிக்கு அதோடு விட மனமில்லை. தான் கையெழுத்திட்ட பழைய கேஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த முறை குற்றவாளியைத் தேடாமல் பார்த்தாள். முன்னூற்று நாற்பதில் பத்தொன்பது கேஸ்கள் அவளுக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அதில் ஏழு பேருடைய முடிவைத்தான் மாற்ற முடிந்தது. மற்றவர்களுக்கு மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று கல்லூரிகள் கையை விரித்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு பெயரும் அவளுக்கு மனப்பாடம்.

கல்லூரிகளின் பதில் வந்த வாரக் கடைசியில் கிள்ளானுக்குப் போனாள். ரெங்கசாமி வாசலில் தன் காடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சீதாலெட்சுமி கதையைச் சொன்னாள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஈப்போ பெண்ணின் கதையையும் சொன்னாள்.

ரெங்கசாமி தண்ணீர்க் குழாயை மூடினார்.

"அன்னிக்கி காடியில நான் உன்ன ஒன்னு கேட்டேன். ஞாபகம் இருக்காம்மா?"

அவருக்கு அது நினைவில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இருக்குப்பா."

"கேட்டிருக்கக் கூடாது. எனக்கு செஸ் தெரியாது, உன்னத் தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். வெளிய நின்னுக்கிட்டு அவங்க பேசுனத கேட்டுக்கேட்டு, எனக்கே கொழம்பிப் போச்சு. நீ ஆட்டத்த விட்டப்பகூட ஏன்னு கேக்க பயமா இருந்திச்சு. என்னாலதான்னு சொல்லிருவியோன்னு."

"உங்களால இல்லப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கொஞ்சம் உங்களாலயும்தான்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார். மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். நண்டுக் குழம்பில் பெரிய காலெல்லாம் அவள் தட்டுக்கே வந்தது.

நிறுவனம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஐந்து மாதம் கேட்டுக்கேட்டு மலர்விழி ஒரு விதியைச் சேர்க்க வைத்தாள். சிவப்புக் குறி விழுந்தால், முடிவெடுக்கும் முன் அந்த மாணவருக்குப் போன் செய்து அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். யார் செய்வது என்று கேள்வி வந்தபோது அவளே கை தூக்கினாள். நிரல் எழுதும் வேலையில் பாதியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு இதற்கு வந்தாள். அவள் ஏமாளியாகிவிடவில்லை. பத்துப் பேரில் ஏழு பேர் போனிலும் பொய்தான் சொல்கிறார்கள், குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்று பேருக்காகப் பத்துப் பேரையும் கூப்பிடுகிறாள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. நாடு முழுக்க போன் மோசடி. தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, உங்கள் தேர்வில் பிரச்சினை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? பாதிப் பேர் முதல் வாக்கியத்திலேயே துண்டித்துவிடுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பந்திங்கிலிருந்து பரமேஸ்வரன் என்றொரு மாணவன் நன்றாகவே கத்தினான்.

"ஸ்கேமர்தானே நீங்க? எந்த கம்பெனி? ஐசி நம்பர் கேப்பீங்க, அடுத்தது ஓடிபி கேப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"ஒன்னும் கேக்க மாட்டேன் தம்பி. நீங்க சந்தேகப்படுறது நல்லதுதான்" என்றாள் மலர்விழி. "போன வச்சிட்டு, உங்க காலேஜ் ஆபீஸ்ல என் பேரச் சொல்லி விசாரிச்சுப் பாருங்க. அப்பறம் நீங்களே கூப்புடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவன் வைத்துவிட்டான். அவள் அவனுடைய கேஸை மூடவில்லை. அடுத்த பெயருக்குப் போன் செய்தாள்.